மச்சத்தைக் கண்டால் மனம் பதறுகிறதா?

குளித்துவிட்டுத் துவட்டும்போது கண்ணில் படும். முழங்காலுக்குப் பின்னாலோ இடுப்போரத்திலோ ஒரு கறுப்புப் புள்ளி. ‘இது முன்பே இருந்ததா?’ என்று ஒரு கேள்வி முளைக்கும். அவ்வளவுதான், செல்போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிடுவோம். வரிசையாக வந்து விழும் படங்களில் பல, நோய் முற்றிய பிறகு எடுத்தவை. பத்து நிமிடத்தில் நமக்கு நாமே புற்றுநோய் என்று தீர்ப்பு எழுதி முடித்திருப்போம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது மச்ச விஷயத்தில் எழுத்துக்கு எழுத்து பொருந்தும்.

நானும் அந்த வழியில் போய் வந்தவன்தான். இடது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டில், குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பழுப்புப் புள்ளி. மூன்று வாரம் தினமும் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒருநாள் வளர்ந்த மாதிரி இருந்தது, மறுநாள் சுருங்கிய மாதிரி இருந்தது. தூக்கம் போனதுதான் மிச்சம். அந்தப் புள்ளியின் கதையை அப்புறம் சொல்கிறேன். முதலில் மச்சம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

பிரேக் பிடித்து நின்ற வண்டி

தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற நிறமி. அதைத் தயாரிக்கும் செல்களுக்கு மெலனோசைட் என்று பெயர். தோலின் மேலடுக்கில், அதன் அடிவரிசையில், இவை ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கும். அப்படித் தனித்தனியாக இருக்க வேண்டியவை ஓரிடத்தில் பெருகிக் கூட்டமாகச் சேர்ந்துவிட்டால் அதுதான் மச்சம்.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. பிராஃப் என்றொரு மரபணு. செல் எப்போது பெருக வேண்டும் என்ற கட்டளையைக் கடத்துவதில் அதற்குப் பங்கு உண்டு. பிறந்த பிறகு தோன்றும் சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றில் இந்த மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கும். மெலனோமா என்ற தோல் புற்றுநோயிலும் ஏறத்தாழ பாதிக் கட்டிகளில் அதே மாற்றம் இருக்கும். கேட்டால் திகைப்பாகத்தான் இருக்கும். ஆனால் மச்சத்தில் நடப்பது வேறு. அந்த மாற்றத்தால் செல்கள் கொஞ்ச தூரம் பெருகும், அதற்குள் உடம்பின் காவல் ஏற்பாடுகள் விழித்துக்கொண்டு பெருக்கத்தை நிறுத்திவிடும். வண்டி கிளம்பியது, பிரேக் பிடித்தது, அங்கேயே நின்றுவிட்டது. நம் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு மச்சமும் அப்படி நின்றுபோன வண்டிதான். புற்றுநோய் ஆக வேண்டுமென்றால் அந்த பிரேக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாக வேண்டும். மிகப் பெரும்பாலான மச்சங்களில் அது ஆயுசுக்கும் நடப்பதில்லை.

பெரியவர் ஒருவருக்கு 10 முதல் 40 மச்சம் வரை இருப்பது சாதாரணம். குழந்தைப் பருவத்தில் தொடங்கி 40 வயதுவரை புதிது புதிதாக வரலாம். தட்டையாகக் கறுப்பாக இருந்தது வருடக்கணக்கில் மெல்ல மேலெழும்பி, வெளிறி, உருண்டையாகலாம். அதில் முடி முளைக்கலாம். முதுமையில் சில மறைந்தும் போகும். கர்ப்ப காலத்தில் வயிற்றுத் தோல் விரியும்போது அங்கிருக்கும் மச்சமும் கூடவே விரியும். பதின்வயதில் சிலருக்கு மச்சத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் தோன்றும். அதுவும் பெரும்பாலும் தீங்கில்லாதது. மாறியதெல்லாம் ஆபத்து என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. வருடக்கணக்கில் மெதுவாக, ஒரே சீராக மாறுவது மச்சத்தின் இயல்பு. வாரங்களில், மாதங்களில், ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு மாறுவதுதான் விசாரிக்க வேண்டியது.

இன்னொன்று. மெலனோமாக்களில் பத்தில் மூன்றுதான் ஏற்கெனவே இருந்த மச்சத்திலிருந்து கிளம்புகின்றன. மீதி ஏழும் ஒன்றுமே இல்லாத இடத்தில் புதிதாகத் தோன்றுகின்றன. ஆகவே ‘எதற்கு வம்பு, இருக்கிற மச்சத்தையெல்லாம் எடுத்துவிடுவோம்’ என்ற யோசனையால் பெரிய பயன் இல்லை. தழும்புதான் மிஞ்சும்.

மச்சமே இல்லாதவை

நாம் பயப்படும் புள்ளிகளில் பாதி, மச்சம்கூட இல்லை. நடுவயதுக்கு மேல் முதுகிலும் மார்பிலும் பழுப்பாக, சொரசொரப்பாக, மெழுகை உருக்கி ஒட்டவைத்தது போல, நகத்தால் நெம்பினால் பெயர்ந்துவிடும் போலத் தடிப்புகள் வரும். செபோரிக் கெரட்டோசிஸ் என்பார்கள். பார்வைக்கு அசிங்கமாக இருக்கலாம், ஆனால் புற்றுநோயோடு உறவில்லை. கன்னத்திலும் கண்ணோரத்திலும் கடுகு தூவியது போல வரும் சின்னக் கறுப்பு மருக்களும் இதே வகையறா. நிறம் ஆழ்ந்த தோலில் இவை மிகச் சகஜம், பெரும்பாலும் குடும்பமாக வரும். கழுத்திலும் அக்குளிலும் தொங்கும் மரு, குங்குமப் பொட்டு போலச் சிவந்த குட்டி ரத்தக்குழாய் முடிச்சு, பரு ஆறிய இடத்தில் தங்கிவிட்ட கறுப்பு, முகத்தில் படரும் மங்கு என்று பட்டியல் நீளும். காலில் கொசுக்கடி அளவுக்கு ஒரு கெட்டியான பழுப்பு முண்டு இருந்து, இரண்டு பக்கமும் கிள்ளினால் நடுவில் குழி விழுகிறதென்றால் அது அநேகமாக நார்த்திசு முடிச்சு. அதுவும் சாதுதான்.

புற்றுநோய் எப்படி இருக்கும்?

தோல் புற்றுநோயில் முக்கியமானவை மூன்று. அடித்தளச் செல் புற்றுநோய்தான் உலகில் மிக அதிகம். மெதுவாக வளரும், வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அபூர்வம். வெளிர்தோலில் முத்துப் போல மினுங்கும் மேடாக இருக்கும். பழுப்புத் தோலில் அது கறுப்பாகவே இருப்பதால் மச்சம் என்று விட்டுவிடுவார்கள். ஆறுவது போலப் போக்குக் காட்டி மறுபடி ரத்தம் கசியும் புண் அதன் அடையாளம். அடுத்தது செதிற்செல் புற்றுநோய். பொருக்குத் தட்டிய, தடித்த, ஆறாத புண். நிறம் ஆழ்ந்த தோலில் இது வெயில் படாத இடத்திலும், குறிப்பாகப் பழைய தீக்காயத் தழும்பிலும் வருடக்கணக்கில் ஆறாத புண்ணிலும் வரக்கூடும். எந்தப் புண்ணாக இருந்தாலும் ஒன்றிரண்டு மாதத்தில் ஆறவில்லை என்றால் காட்டிவிட வேண்டும்.

மூன்றாவதுதான் மெலனோமா. எண்ணிக்கையில் குறைவு, சுபாவத்தில் மோசம். 2020இல் உலகம் முழுக்கச் சுமார் 3,25,000 பேருக்கு இது வந்தது, சுமார் 57,000 பேர் இறந்தார்கள். வெளிர்தோல் கொண்டவர்களுக்குத்தான் மிக அதிகம். நிறம் ஆழ்ந்தவர்களுக்கு வருவது அரிது. ஆனால் வரும்போது தாமதமாகத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. ‘நமக்கெல்லாம் வராது’ என்ற நினைப்பு நோயாளிக்கு மட்டுமில்லை, சில சமயம் மருத்துவருக்கும் இருந்துவிடுகிறது.

இதை அடையாளம் காண ஓர் எழுத்து வரிசை புழக்கத்தில் இருக்கிறது. 1985இல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஏ, பி, சி, டி என்று நான்கு எழுத்தில் வகுத்தார்கள். 2004இல் ஐந்தாவதாக இ சேர்ந்தது. ஏ என்றால் சமச்சீரின்மை. நடுவில் கோடு போட்டு மடித்தால் இரண்டு பாதியும் பொருந்தாது. பி, ஓரம். காகிதத்தில் மை ஊறியது போலக் கலங்கலாக, அல்லது வெட்டுப்பட்டது போல இருக்கும். சி, நிறம். ஒரே புள்ளியில் பழுப்பு, கறுப்பு, சிவப்பு, நீலம், வெள்ளை என்று கலந்து கிடக்கும். டி, குறுக்களவு. 6 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது பென்சில் பின்னால் இருக்கும் ரப்பரைவிடப் பெரியது. இ, மாற்றம்.

என்னைக் கேட்டால் இந்த ஐந்தும் ஒரே எடையில்லை. டி கொஞ்சம் ஏமாற்றும். 6 மில்லிமீட்டரைத் தாண்டிய நல்ல மச்சங்கள் ஏராளம், அதற்குள் அடங்கும் மெலனோமாவும் உண்டு. கடைசி எழுத்துதான் முதல் எழுத்தாக இருந்திருக்க வேண்டும். ஒரு புள்ளி இன்று எப்படி இருக்கிறது என்பதைவிட, மூன்று மாதம் முன்பு எப்படி இருந்தது என்பதுதான் அதிகம் சொல்லும்.

இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டிய இன்னொரு சோதனை உண்டு. இதற்கு எழுத்து எதுவும் தெரிய வேண்டாம். ஒருவர் உடம்பிலுள்ள மச்சங்களுக்கு ஒரு குடும்பச் சாயல் இருக்கும். சிலருக்கு எல்லாம் சின்னதாக, கறுப்பாக. சிலருக்கு எல்லாம் பெரிதாக, வெளிர் பழுப்பாக. அந்தக் கூட்டத்தில் ஊரோடு ஒத்துப்போகாமல் ஒன்று மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் அதைத்தான் முதலில் காட்ட வேண்டும். 1998இல் பிரான்ஸ் மருத்துவர்கள் இந்த அடையாளத்துக்கு ‘அழகற்ற வாத்துக்குஞ்சு’ என்று பெயர் வைத்தார்கள். எங்கும் ஒரே மாதிரி கோணல்மாணலாக 30 மச்சம் இருப்பவர், எழுத்து வரிசையை மட்டும் வைத்துப் பார்த்தால் முப்பது தடவை பயப்பட வேண்டியிருக்கும். சாயலை வைத்துப் பார்த்தால் ஒருவேளை ஒன்றுகூட மிஞ்சாது.

ஒரு விதிவிலக்கு. சில மெலனோமாக்கள் கறுப்பாகவே இருக்காது. இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ பரு மாதிரி எழும்பும். எழுத்து வரிசை இங்கே உதவாது. மேலெழும்பியது, தொட்டால் கெட்டியாக இருக்கிறது, ஒரு மாதத்துக்கு மேல் நிற்காமல் வளர்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் காத்திருக்கவே கூடாது.

உள்ளங்கால், உள்ளங்கை, நகம்

பாப் மார்லி என்ற ஜமைக்கா பாடகரைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். 1977இல் அவருடைய கால் பெருவிரலில் மெலனோமா இருப்பது தெரிந்தது. கால்பந்து ஆடியபோது பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1981இல், 36 வயதில் இறந்துபோனார்.

நிறம் ஆழ்ந்த தோல் கொண்டவர்களுக்கு மெலனோமா வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் அதிகம் வருகிறது. வெயிலுக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. யாரும் குனிந்து பார்க்காத இடம் என்பதுதான் சிக்கல்.

நகத்தில் நீளவாக்கில் பழுப்புக் கோடு விழுவது பழுப்புத் தோலில் சர்வசாதாரணம். பல விரல்களில் மெல்லிசாக, பல வருடமாக இருந்தால் கவலை வேண்டாம். ஒரே ஒரு விரலில் புதிதாகத் தோன்றி, அகலமாகிக்கொண்டே போய், நகத்தின் அடியோரத் தோலிலும் கறுப்பு பரவினால் உடனே காட்ட வேண்டும். 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதிய ஆங்கிலேய மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன் பெயரால் இந்த அடையாளம் இன்றும் வழங்குகிறது.

கதவிடுக்கில் மாட்டியோ இறுக்கமான ஷூவாலோ நகத்தடியில் ரத்தம் கட்டினால் அதுவும் கறுப்பாகத்தான் இருக்கும். பிரித்தறிய ஒரு வழி: ரத்தக்கட்டு நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரும், பின்னால் சுத்தமான நகம் வளர்ந்துவரும். கால் பெருவிரல் நகம் முழுதாக மாற 12 முதல் 18 மாதம் ஆகும், அதனால் பொறுமை வேண்டும். இரண்டு மூன்று மாதம் கழித்தும் கறுப்பு ஓர் இம்மி நகரவில்லை, அல்லது அடிபட்டதாகவே நினைவில்லை என்றால் மருத்துவர் பார்க்கட்டும்.

சரி, என் உள்ளங்கால் புள்ளிக்கு வருகிறேன். கடைசியில் தோல் மருத்துவரிடம் போனேன். அவர் டெர்மடோஸ்கோப் என்ற கைக்கருவியை எடுத்தார். விளக்கு வைத்த பூதக்கண்ணாடிதான், சுமார் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும். ஆனால் தோலின் மேற்பரப்பில் வெளிச்சம் பட்டுத் தெறிக்காதபடி செய்து உள்ளே இருக்கும் நிறத்தைக் காட்டிவிடும். அதில் என் போனை ஒட்டி ஒரு படம் எடுத்து எனக்கே காட்டினார்.

கைரேகை போலவே உள்ளங்காலிலும் ரேகைகள் உண்டு அல்லவா? பெரிதாக்கிப் பார்த்தால் உழுத வயல் மாதிரி வரப்பும் வாய்க்காலுமாக ஓடுகின்றன. வரப்பின் மேல் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள், அவை வியர்வைத் துளைகள். என் மச்சத்தின் பழுப்பு நிறம் வாய்க்கால்களில் மட்டும் மெல்லிய கோடு கோடாக ஓடியிருந்தது. “பாருங்க, நிறம் வாய்க்கால்லதான் ஓடுது, வரப்பு மேல ஏறல. ஏறியிருந்தா இந்நேரம் நான் இப்படிப் பேசிட்டிருக்க மாட்டேன்” என்றார். ஜப்பானிய மருத்துவர்கள் கவனித்துச் சொன்ன வித்தியாசமாம் அது. உள்ளங்காலில் நல்ல மச்சத்தின் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் படியும். மெலனோமாவின் நிறம் மேட்டில் பட்டையாக நிற்கும். மூன்று வாரம் டார்ச் அடித்தும் எனக்குத் தெரியாதது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

கிளம்பும்போது அவர் கேட்ட கேள்விதான் என்னை மடக்கியது. “போன வருஷம் இது எவ்வளவு பெருசு இருந்துச்சு?” என்னிடம் பதில் இல்லை.

பார்ப்பதற்கு ஒரு முறை வேண்டும்

தினமும் பார்த்தால் மாற்றம் தெரியாது. தினமும் கண்ணாடி பார்ப்பவருக்குத் தலை நரைப்பது தெரியாத மாதிரி. நினைவும் கைகொடுக்காது, பயந்த மனசு அளவைக் கூட்டித்தான் சொல்லும். அதனால் ஒரு படம் எடுத்து வையுங்கள். மச்சத்துக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து. ஃபிளாஷ் வேண்டாம், நிறத்தைக் கெடுத்துவிடும். அதோடு அது உடம்பில் எந்த இடம் என்று தெரிய, கொஞ்சம் தள்ளி நின்று இன்னொரு படம். தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டு அடுத்த மாதம்வரை அந்தப் பக்கமே போக வேண்டாம். அடுத்த மாதம் அதே வெளிச்சத்தில், அதே உயரத்தில் இன்னொன்று எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மாதத்தில் ஒருநாள், குளித்தபின் பத்து நிமிடம் போதும். முதுகுக்கும் உச்சந்தலைக்கும் வீட்டில் யாராவது ஒருவர் வேண்டும். காது மடலின் பின்பக்கம், விரலிடுக்கு, உள்ளங்கால், நகம் இவற்றை விட்டுவிட வேண்டாம். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டுப் பாருங்கள்.

இந்தப் பொறுமையெல்லாம் சந்தேகம் லேசாக இருக்கும்போதுதான். ரத்தம் கசிகிறது, தானாகப் புண்ணாகிறது, அரிப்பு விடுவதில்லை, கண் முன்னே மாறுகிறது என்றால் படம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. சிலர் சின்ன மாற்றத்துக்கே சீக்கிரம் போவது நல்லது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ மெலனோமா வந்தவர்கள், உடம்பில் 100க்கு மேல் மச்சம் உள்ளவர்கள், பிறக்கும்போதே உள்ளங்கையைவிடப் பெரிய மச்சத்தோடு பிறந்தவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள்.

செய்யக் கூடாதது ஒன்று. மச்சத்தை நூல் கட்டி அறுப்பது, அமிலம் தடவிக் கரைப்பது, முதலில் யாரிடமும் காட்டாமல் அழகுக்காக லேசர் வைத்து எரிப்பது. எரிந்துபோன திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க முடியாது. உள்ளே ஏதாவது இருந்திருந்தால் அதற்கான சாட்சியை நாமே அழித்த மாதிரி ஆகிவிடும்.

மருத்துவர் ‘எடுத்துப் பார்த்துவிடலாம்’ என்றால்

அந்த வார்த்தையைக் கேட்டதும் பாதிப் பேர் முடிவே கட்டிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். சந்தேகத்தின் பேரில் எடுக்கும் மச்சங்களில் பெரும்பாலானவை சாதாரண மச்சமாகத்தான் முடிகின்றன. மரத்துப்போக ஓர் ஊசி, மச்சத்தோடு ஓரமாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள், சில தையல். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்று ஒரு பேச்சு உண்டு. மச்ச விஷயத்தில் அது வெறும் பயம். அந்த பயத்தில் தள்ளிப்போடுவதுதான் நிஜமான கெடுதல்.

பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் படித்துவிட்டுப் பதறுவோம். ‘நீவஸ்’ என்று இருந்தால் அது மச்சத்தின் மருத்துவப் பெயர், அவ்வளவுதான். ‘டிஸ்பிளாஸ்டிக்’ என்று இருந்தால் செல்களின் அமைப்பு வழக்கத்துக்குக் கொஞ்சம் மாறுபட்டது என்று பொருள். அது புற்றுநோய் அல்ல, ஆனாலும் இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டுமா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். மெலனோமா என்றே வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது பிரெஸ்லோ ஆழம் என்ற எண். கட்டி தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்ற கணக்கு அது. 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க மருத்துவர் சொன்ன இந்த அளவுதான் அடுத்து என்ன செய்வது என்பதை இன்றைக்கும் பெருமளவு தீர்மானிக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டி எடுப்பதோடு சிகிச்சை முடிந்துவிடும். அமெரிக்கக் கணக்குப்படி, தோலைத் தாண்டாத கட்டத்தில் மெலனோமா கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 99 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். தொலைதூர உறுப்புகளுக்குப் பரவிய பிறகு என்றால் சுமார் மூன்றில் ஒரு பங்குப் பேர்.

எல்லாம் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் சிலருக்குக் கை அதே இடத்துக்குப் போகும். தடவி, சுரண்டி, அமுக்கிப் பார்ப்பார்கள். அதனாலேயே அந்த இடம் சிவந்து தடிக்கும், சிவந்ததைப் பார்த்து மறுபடி பயம். ஒரு நாளில் பலமுறை பார்க்காமல் இருக்க முடியவில்லை, வேலை ஓடவில்லை, தூக்கம் வரவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லலாம். அதற்கும் வைத்தியம் இருக்கிறது, மச்சத்துக்குப் பார்ப்பவரே யாரிடம் போவது என்று சொல்வார்.

என் ஃபோல்டரில் இப்போது அந்த உள்ளங்கால் புள்ளியின் படம் 14 இருக்கிறது. ஸ்கேலில் எல்லாமே 3 மில்லிமீட்டர்.